பன்னிரண்டுக்குள் ஒளிந்திருந்த தேதிகள்

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் வேலை பார்க்கிறவளுக்கு நோய் தொற்றாது, தேதிதான் தொற்றும்.

உங்களில் யாராவது கார்டு, ரிஜிஸ்டர், கோப்பு என்று ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர்களாக இருந்தால் நான் சொல்வது புரியும். மற்றவர்கள், இவளுக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று நினைத்துக்கொள்ளலாம். நினைத்துக்கொண்டே தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த தேதியை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டால் எனக்குப் போதும்.

காரைக்குடியில் ஒரு டாக்டரம்மா நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் பல வருஷம் இருந்தேன். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். துணி மடித்து வைக்கத்தான் சேர்ந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைக் கொண்டுபோய் ரெக்கார்டு அறையில் உட்கார வைத்தார்கள். அறை என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரோடு ஒட்டி நீளமான மரப்பெட்டி. அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு கார்டு. ஊரில் பிறப்பைப் பதியாமல் விட்டவர்களுக்கு அந்தக் கார்டைப் பார்த்து நாங்கள் எழுதிக் கொடுக்கும் கடிதம்தான் ஆதாரம். அதனால் எனக்குத் தூக்கம் குறைச்சல்.

பெட்டிக்குள் ஒரு வரிசை

எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்த பெண் கார்டுகளை வரிசையாகத்தான் வைத்திருந்தாள். என்ன வரிசை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஜனவரி ஒன்று, ஆகஸ்டு ஒன்று, டிசம்பர் ஒன்று எல்லாம் ஒரே கட்டு. அதற்கு அடுத்த கட்டு இரண்டாந்தேதி என்று நினைத்தேன். இல்லை, பத்தாந்தேதி. பிறகு பதினொன்று, பன்னிரண்டு என்று பத்தொன்பது வரை போய், அதற்கப்புறம்தான் இரண்டு. முதல் எழுத்து ஒன்றாக இருப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறாள். எந்த வருஷம், எந்த மாதம் என்ற கவலை அவளுக்கு இல்லை. நாளைப் பார்த்து அடுக்கவில்லை, எழுதியிருந்த எண்ணின் முகத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறாள்.

நான் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அம்மை குத்துகிறவர் வந்து நின்றார். அந்த வருஷம் ஜனவரியிலிருந்து மார்ச்சு வரை பிறந்த பிள்ளைகளின் பெயரும் ஊரும் வேண்டும் என்றார். மூன்று மாதம்தானே என்று பெட்டியைத் திறந்தேன். முப்பத்தோரு கட்டையும் அவிழ்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டிலும் எல்லா வருஷமும் கலந்து கிடந்தது. காலையில் வந்த மனிதர் மோர் வாங்கிக் குடித்தார், வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார், சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தார். விழித்தபோது நான் இருபத்திரண்டாந்தேதிக் கட்டில் இருந்தேன். அவர் கோபப்படவில்லை. சைக்கிளை எடுக்கப் போகும்போது சொன்னார்:

"நாளைக்கு வாரேம்மா. நீங்க எடுத்து முடிக்கிறதுக்குள்ள பிள்ளைகளே நடந்து வந்து கைய நீட்டிரும் போலிருக்கே."

ஒரு பிறப்பு, இரண்டு நாள்

அந்த அவமானத்தில் புதிய கார்டுகளையெல்லாம் வருஷம், மாதம், நாள் என்று பிரித்து அடுக்கினேன். பழைய கார்டுகளைத் தனியாகக் கட்டி மேல் தட்டில் ஏற்றினேன். அவற்றையும் அப்போதே பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி வந்தார்கள். அங்கே கல்யாணமான பெண்கள் எல்லாரும் ஆச்சிதான், இவர்களுக்கு முப்பது வயதுதான் இருக்கும். மகனுக்கு ஜாதகம் எழுத வேண்டும், பிறந்த நேரம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அக்டோபர் இருபத்தொன்பது, காலை நாலு மணி என்று கார்டில் இருந்தது. உதவி செய்கிற நினைப்பில் காலண்டரையும் பார்த்து, ஐப்பசி பதின்மூன்று என்று சேர்த்துச் சொன்னேன். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஐப்பசி பன்னிரண்டு என்று தங்கள் வீட்டு நோட்டில் அன்றைக்கே எழுதியிருப்பதாகவும், அவர்கள் அப்பச்சி, அதாவது அப்பா, எழுதியது தப்பாது என்றும் சொன்னார்கள். காலண்டர் தாளைக் காட்டினேன். ஆச்சி அதைத் தொடக்கூட இல்லை.

எங்கள் மூத்த நர்ஸ் கமலம் சிஸ்டர் வந்துதான் தீர்த்து வைத்தார். ஆஸ்பத்திரிக்கு நடுச்சாமத்தில் நாள் மாறிவிடும். ஆச்சி வீட்டில் சூரியன் வந்தால்தான் நாள் மாறும். நாலு மணி என்பது எங்களுக்கு மறுநாள், அவர்களுக்கு இன்னும் முதல் நாள். இரண்டு பேர் எழுதியதும் சரி. இங்கிலீஷ் தேதியைச் சொன்னதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆச்சி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"எம் பிள்ள ஒரு தடவதானே பிறந்தான்? நீங்க என்னத்துக்கு ரெண்டு நாளுல வச்சிருக்கீக?"

ஜூன் ஒன்று

ஜூன் மாதம் வந்தால் என் மேஜைக்கு முன்னால் கூட்டம் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்க்கிற மாதம். தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார்கள் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு. அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. காலியாக விடக் கூடாத கட்டத்தில் எதையாவது போட்டுத்தானே ஆக வேண்டும்? ஆனால் அப்படிப் போட்டது போகப் போக நிஜமாகிவிடுகிறது.

நேமத்தான்பட்டியிலிருந்து விவசாயி ஒருவர் வந்தார். மகன் ஜூன் ஒன்றில் பிறந்ததாக ஒரு கடிதம் வேண்டும், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்றார். கார்டில் நவம்பர் என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லி நவம்பர் என்று திருத்திக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நிதானமாக யோசித்தார். மகனுக்கு நல்லது நினைக்கிற மனிதர்தான். கடைசியில் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எங்க தெருவுல அம்புட்டுப் பிள்ளையும் ஜூன் ஒண்ணுதாங்க. எம் பிள்ளய மட்டும் எதுக்குத் தனியா நிறுத்துறீக?"

பதின்மூன்றாம் மாதம்

சில வருஷம் கழித்து மேல் தட்டில் இருந்த பழைய கார்டுகளில் செல்லரித்தது. ஆஸ்பத்திரி தொடங்கிய முதல் ஐந்தாறு வருஷத்துக் கார்டுகள் அவை. போய்விடுமே என்ற பயத்தில், டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு கெட்டி அட்டை ரிஜிஸ்டர் வாங்கினேன். தாய் பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறந்த தேதி என்று நாலு கட்டம் போட்டு, மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதினேன். நாள், மாதம், வருஷம் என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி, நடுவில் சின்னக் கோடு போட்டு எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது.

முதல் நாளே ஒரு கார்டில் 4/13 என்று இருந்தது. பதின்மூன்றாம் மாதம் ஏது? அவசரத்தில் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, பதின்மூன்று ஏப்ரல் என்று திருப்பிப் போட்டேன். அடுத்ததில் 9/27. அதையும் திருப்பினேன். நிறைய வரவே, மனசு கேட்காமல் கமலம் சிஸ்டரிடம் போனேன். அவர் அந்தக் கார்டுகளின் காலத்துக்குப் பிறகு வந்தவர். ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் நீட்டிய கார்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். என் பதற்றத்துக்கு அவர் எப்போதும் தருகிற மரியாதையைத்தான் அன்றைக்கும் தந்தார்.

"இதுக்குப் போயி ஏன் முழிக்கிறே? பன்னெண்டுக்கு மேல போனா மாத்திப் போடு, உள்ள இருந்தா விட்டுரு."

தெப்பத்துக்கு வந்த வலி

அப்படியே செய்தேன். ரிஜிஸ்டர் முடிந்தது. கார்டுகளைச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரருக்கென்று படிக்கட்டுக்கு அடியில் போட்டேன். அதன்பிறகு கடிதம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ரிஜிஸ்டரைப் பார்த்தே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். திருக்கோஷ்டியூர்ப் பக்கத்துக் கிராமம். தாய் பொன்னம்மாள், மகள் சிவகாமி. பள்ளியிறுதி முடித்த பெண். மதுரையில் நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஜூலை ஒன்றாந்தேதி பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பள்ளிக்கூடத்தில் வழக்கம்போல ஜூன் ஒன்று. ஜூன் ஒன்று என்றாலே அங்கே நம்புவதில்லையாம், ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். போன மாதம் என்னிடம்தான் வாங்கிப் போனார்கள். ஜூலை மூன்று என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வயது இரண்டு நாள் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு இருந்தால் மறுநாள் மத்தியானத்துக்குள் வேறு ஆதாரம் கொண்டுவரலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தது. அன்று சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால்தான் உண்டு. இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் மகளைத் தன் தம்பிக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்றும், நாள் பார்த்துவிட்டார்கள் என்றும் பொன்னம்மாள் சொன்னார். சிவகாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிஜிஸ்டரைத் திறந்தேன். என் கையெழுத்தில் 3-7 என்று அழகாக இருந்தது. ஜூலை மூன்றுதான் என்றேன். மாசி மாதம் என்றார் பொன்னம்மாள். மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர் தெப்பக்குளத்தில் விளக்கு வைப்பார்கள் இல்லையா, பிள்ளை வேண்டும் என்று நேர்ந்து முந்தின வருஷம் அங்கிருந்து ஒரு விளக்கு எடுத்து வந்து வீட்டில் வைத்திருந்தாராம். அதைத் திரும்பக் கொண்டுபோய் ஏற்றப் போன இடத்தில் வலி கண்டு, அங்கிருந்தே இங்கே கூட்டி வந்தார்களாம். மாசி மகம் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும், விளக்கை வைத்து ஆபீசுக்குக் கடிதம் எழுத முடியாது என்று நான் சொன்னேன். என் கவலை முழுக்க ரிஜிஸ்டரைப் பற்றித்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொன்னம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"எழுத்துத் தெரியாதவ சொல்றாளேன்னு தள்ளாதீக தாயி. வலி கண்டது எனக்கு, ரெண்டு நாளு கண்டுச்சு. ஆனி மாசத்துல எந்தக் கொளத்துலங்க தெப்பம் விடுறாக?"

சாக்கு மூட்டை

நல்லவேளை, அந்தப் பேப்பர்காரர் வருவதாகச் சொல்லிச் சொல்லி வராமலே இருந்தார். மூட்டையை இழுத்து அவிழ்த்தேன். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். பொன்னம்மாள் கார்டை ஒவ்வொன்றாகத் தட்டி மண்ணை உதிர்த்துக் கொடுத்தார், சிவகாமி பெயர் படித்தாள், நான் தள்ளி வைத்தேன். பல கார்டுகளில் பாதி அரித்துப்போயிருந்தது. பெயர் இருந்தால் ஊர் இல்லை, ஊர் இருந்தால் தேதி இல்லை. ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மணி இரண்டரை ஆனபோது சிவகாமி, "எங்கப்பா பேரு" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஓரம் மட்டும் அரித்திருந்தது. பிறந்த தேதி 3/7. ரிஜிஸ்டரில் இருப்பதேதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் பேரில் தப்பில்லை. கார்டைப் பொன்னம்மாளிடம் காட்டி, பாருங்கள் என்றேன். எதைப் பார்ப்பார் அவர்? சிவகாமிதான் என் கையிலிருந்து வாங்கி, கடைசி வரை படித்தாள். கீழ் வரியில், வீட்டுக்கு அனுப்பிய தேதி 3/16 என்று இருந்தது. "அக்கா, பதினாறாம் மாசத்துலயா எங்கம்மா வீட்டுக்குப் போச்சு?" என்று கேட்டாள்.

கார்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். மேல் வரியும் கீழ் வரியும் ஒரே மையில், ஒரே சாய்வுக் கோட்டில், ஒரே ஆள் எழுதியவை. கீழே இருக்கிற மூன்று என்பது மாதம் என்றால் மேலே இருக்கிற மூன்றும் மாதம்தான். ஜூலை மூன்று இல்லை, மார்ச்சு ஏழு. ஏழாந்தேதி பிறந்து பதினாறாந்தேதி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்தக் கீழ் வரியை நான் பெயர்த்து எழுதவே இல்லை, என் நாலு கட்டத்தில் அதற்கு இடம் வைக்கவில்லை. கார்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். கமலம் சிஸ்டர் வருவதற்கு முன்னால் எல்லாக் கார்டையும் அவரே எழுதியவர். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், மார்ச்சு ஏழு என்று சட்டென்று படித்தார், புதுக் கடிதத்தில் தன் கையாலேயே மாதத்தை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷமாக இதைச் சொல்லவே இல்லையே என்று கேட்டேன்.

"அமெரிக்காவுல ரெண்டு வருஷம் இருந்தேன்ல, மாசத்த முன்னாடி போட்டே பழகிப்போச்சு. நான் எழுதினது சரிதானேம்மா, நீதானே வேற மாதிரி படிச்சிருக்கே."

மற்றவர்கள்

சாயங்கால பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு வந்து ரிஜிஸ்டரைத் திறந்தேன். பன்னிரண்டுக்கு மேல் இருந்த தேதிகள் தப்பை வெளியே காட்டிக் கொடுத்தன, திருத்திவிட்டேன். பன்னிரண்டுக்குள் இருந்தவை சாதுவாக உட்கார்ந்திருந்தன. ஏழாம் மாதம் ஏழாந்தேதி மாதிரி இரண்டும் ஒன்றாக வந்தவை மட்டும் எப்படிப் படித்தாலும் பிழைத்துக்கொண்டன. மற்றவை, டாக்டரம்மா கையால் எழுதியவை, அத்தனையும் தப்பு. கார்டு இருந்தவற்றைத் திருத்தினேன். கார்டு அரித்துப்போனவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்விக்குறிகள் எனக்குக் கனவில் வரும்.

ஏற்கெனவே கடிதம் வாங்கிப் போனவர்களுக்கு, தேதி தப்பு, திருத்தித் தருகிறேன், வாருங்கள் என்று தபால் கார்டு போட்டேன். பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்களில் ஓர் இளைஞர் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் தப்பாகக் கொடுத்த தேதியில்தான் வயது சரியாக இருந்து எடுத்திருக்கிறார்கள். நான் திருத்திய கடிதத்தை நீட்டியபோது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, அந்தத் தேதி இன்னைக்கு எனக்குச் சோறு போடுது. அசல் தேதியத் தேடிக் கொண்டாந்து கொடுத்து என்னைய வீட்டுக்கு அனுப்பிராதீக."

பொன்னம்மாள் கொண்டுவந்த காகிதம்

ஒரு மாதத்துக்கு மேல் தகவல் இல்லை. மதுரையில் கடிதத்தை வாங்கினார்களோ, இரண்டு கடிதத்தில் இரண்டு தேதி இருக்கிறதே என்று கிழித்துப் போட்டார்களோ என்று கமலம் சிஸ்டரை நச்சரித்தேன். அவர் ஊசிகளைக் கொதிக்க வைத்தபடியே இருந்தார்.

ஒரு நாள் பொன்னம்மாள் தனியாக வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். சிவகாமிக்கு இடம் கிடைத்திருந்தது. வந்து சேர வேண்டிய தேதி என்று போட்டு 8-9 என்று டைப் அடித்திருந்தார்கள். அவ்வளவுதான், மாதத்தின் பெயர் இல்லை. அப்போது ஜூலை கடைசி. செப்டம்பர் எட்டு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. ஆகஸ்டு ஒன்பதாக இருந்து, அவள் செப்டம்பரில் போய் நின்றால்? சிவகாமி என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவளும் செப்டம்பர் எட்டு என்றுதான் சொல்கிறாளாம். எதற்கும் இருக்கட்டும் என்று பயிற்சிப் பள்ளிக்குப் பதில் கார்டு வைத்து எழுதிக் கேட்டேன். செப்டம்பர் எட்டு, திங்கட்கிழமை என்று கிழமையோடு பதில் வந்தது.

ஆனால் அன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்தபோது, பொன்னம்மாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு மகளை விட்டுக் கொடுக்காதது போல, என்னையும் விட்டுக் கொடுக்காத குரலில், மெதுவாகத்தான் சொன்னார்:

"எது நாளு, எது மாசம்னு எழுதுனவுககிட்டயே கேட்டுச் சொல்லுங்க தாயி. நீங்க படிச்சவுக, தப்பாப் படிச்சிருவீக."

பிள்ளைகள் எல்லாரும் அவரவர் நாளில் சரியாகத்தான் பிறந்தார்கள், அதை எழுதி வைக்கப் போன நாங்கள்தான் அவர்களை ஆளுக்கு இரண்டு மூன்று தடவை பிறக்க வைத்தோம்.